சைக்கிளுக்குப் பின்னால் ஒரு போன் நம்பர்

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு கம்பெனி பஸ் என்னை இடிக்கப் பார்த்தது. புகாரில் அப்படித்தான் சொன்னேன்.

வீட்டிலிருந்து ஹெப்பாள் ஆபீசுக்கு நான் சைக்கிளில் போவது உங்களுக்குத் தெரியும். ஹெல்மெட்டில் சின்ன கேமரா மாட்டி, வண்டிக்காரர்கள் செய்யும் தவறுகளை எக்செல்லில் பட்டியல் போடுவதும் தெரியும். போன் பேசிக்கொண்டே ஓட்டுவது, இண்டிகேட்டர் போடாமல் திரும்புவது, ஜீப்ரா கோட்டின் மேல் ஏறி நிற்பது... 'சைக்கிள்காரர்கள்' என்ற கட்டம் மட்டும் எப்போதும் காலி.

பஸ்ஸின் பின்பக்கம், டிரைவர் மேல் புகார் இருந்தால் அழைக்கச் சொல்லி ஒரு நம்பர் இருந்தது. அழைத்தேன். "வீடியோ அனுப்புங்க மேடம். விசாரணை முடியற வரைக்கும் அவருக்கு வண்டி கிடையாது" என்றார்கள். எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் மாலைதான் வீடியோவைத் திறந்தேன். பஸ் வரும் பத்து நொடியை மட்டும் வெட்டி அனுப்ப வேண்டும். கை தவறி, கொஞ்சம் முன்னாலிருந்து ஓடியது.

சிக்னல் சிவப்பு. நான் நிற்கவே இல்லை. குறுக்குச் சாலையில், பச்சை விளக்கில், பஸ் வருகிறது. நீளமாக ஒரு ஹார்ன். அப்புறம் பிரேக். என் கைப்பிடிக்கு ஒரு முழம் தள்ளி பஸ்ஸின் முகப்பு நிற்கிறது.

இவரா என்னை இடிக்கப் பார்த்தவர்?

வீடியோவை வெட்டாமல் முழுசாக அனுப்பினேன். அது போதாது என்று தோன்றியது. வியாழன் காலை பஸ் ஷெட்டுக்கே போனேன். டிரைவர் மாதேஷ் தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர், இந்தக் கன்னட ஊரிலும் தமிழ் பேசுகிறவர். அவருடைய பஸ்ஸை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போக, இவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானுங்களா அந்த சைக்கிளு? அடி கிடி படலீங்கல்ல?"

முதல் கேள்வியே அதுதான்.

"இல்லண்ணா. தப்பு என்மேலதான். இங்க ஆபீஸ்லயும் எழுதிக் குடுத்துட்டேன்."

"சிவப்புல வந்தாங்கன்னு நானும் அன்னைக்கே சொன்னேனுங்க. யாரு நம்பறா? என் பஸ்ஸுக்குப் பின்னாடி நம்பர் இருக்குது. உங்க சைக்கிள்ல என்ன இருக்குது? பெல்லுதான் இருக்குது."

பட்டியல் கதையையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். சிரித்தார். தேங்க்ஸ் அண்ணா என்று மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை வாயைத் திறப்பதற்குள் கையில் டீயைக் கொடுத்துவிட்டார். மதியமே அவருக்கு வண்டி கிடைத்தது.

கார்க்காரர் சிவப்பில் போனால் அபராதச் சீட்டு அவர் வீடு தேடி வரும். நான் போனால்? பச்சையில் வந்தவர் பெஞ்சில் உட்கார வேண்டும்!

அன்று மாலை காலிக் கட்டத்தில் முதல் வரி ஏறியது — 'சிவப்பு விளக்கு: நான்.' சைக்கிளின் பின் மட்கார்டில் ஒரு ஸ்டிக்கரும் ஏறியது — 'நான் ஒழுங்காக ஓட்டுகிறேனா?' கன்னடத்தில். கீழே என் நம்பர்.

நேற்று சாயங்காலம் முதல் அழைப்பு.

"மேடம், மாதேஷுங்க. உங்க பின்னாடி லைட்டு எரியலீங்க. நான் வண்டிய ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசறேன்... லிஸ்டுல போட்டுறாதீங்க."