முனை மழுங்கிய வேல்

பேனா முன்னே போய்விடும். கோடு, கயிறு கட்டி இழுத்த படகைப் போல், சற்றுப் பிந்தி வரும். செங்கல்பட்டில் பேனர் வரைந்துகொண்டிருந்த என் மைத்துனரை நினைக்கும்போதெல்லாம் அவர் மின்பேனாவால் வரையும் அந்தக் கணினித் திரையே முதலில் கண்முன் நிற்கிறது. கைநடுக்கம் தெரியாமல் கோட்டை வழவழப்பாக்கித் தரும் வசதி ஒன்று ஓவிய மென்பொருளில் உண்டு, ஸ்டெபிலைசர் என்பார்கள். கூட்டக் கூட்ட வழவழப்பும் கூடும், தாமதமும் கூடும். மற்றவர்கள் சிறிதளவே வைப்பார்கள். அவர் மாதந்தோறும் கூட்டிக்கொண்டே போனார்.

அவருக்கு நடுக்கம் கண்டது என் மனைவிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். "வெளிய தெரிஞ்சா ஒருத்தன் ஆர்டர் குடுக்க மாட்டான் மாமா" என்றார். கல்லூரியில் இயற்பியல் கற்பித்த நான், எதற்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்பிப் பழகியவன். தேடிப் படித்துச் சொன்னேன்: மணிக்கட்டை விட்டுத் தோளிலிருந்து கையை வீச வேண்டும், ஊர்ந்து வரையாமல் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும், கட்டளைகளைத் தட்ட இடக்கை விசைப்பலகையிலேயே இருந்தால் வேகம் கூடும். என்னைவிடச் சில வயதே இளைய அம்மனிதர், மறுபேச்சின்றி அத்தனையும் செய்து பார்த்தார். நடுக்கம் தோளுக்கும் ஏறியது.

திருப்போரூருக்குப் பாதயாத்திரை செல்லும் குழுவினர் முருகன் படம் போட்ட பேனர் கேட்டிருந்தார்கள். நான் மைத்துனர் அருகில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், குழுத் தலைவர் வந்து குனிந்து திரையைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, வேலு கரண்டி மாதிரி கீது? முருகரு சாம்பார் ஊத்தப் போறாரா?"

உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். மைத்துனரும் சிரித்தார், கையை மட்டும் மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார். ஸ்டெபிலைசரை அந்த அளவுக்கு ஏற்றினால், கூரான திருப்பங்களையும் அது வளைத்து மழுக்கிவிடும். பூவிலும் இலையிலும் எவரும் கவனித்ததில்லை. வேல் காட்டிக்கொடுத்துவிட்டது.

"நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்" என்றேன். "மாமல்லபுரம் சிற்பத்துல வேல் இப்படித்தான் இருக்கும்."

அப்படி ஒரு சிற்பத்தை நான் கண்டதில்லை. பணிக்காலம் முழுவதும், தெரியாததைத் தெரியாது என்றே மாணவர்களிடம் சொல்லிவந்தவன் நான்.

"காலேஜி சாரே சொன்னா சர்தான். அடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுத் தலைவர் கிளம்பினார்.

அவர்கள் போன பின், மைத்துனர் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "நாளைக்கு முருகரு கண்ணு கோணிக்கினா, அதுக்கு எந்த ஊரு சிற்பம் சொல்லுவீங்க மாமா?"

பிறகு ஸ்டெபிலைசரை முழுவதுமாக அணைத்துவிட்டு, வேலின் படத்தை மீண்டும் வரைந்தார். கோடு அடியிலிருந்தே துடித்துத் துடித்து ஏறியது. முனை மட்டும் ஊசியாக வந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னர் அழித்தார்.

"கரண்டியே இருக்கட்டும்" என்றார்.

இப்போது அவர் பேனாவைத் தொடுவதில்லை. என் மனைவி குவளையைப் பிடித்துக்கொள்ள, தேநீர் குடிக்கிறார். நான் எதிரே அமர்ந்திருக்கிறேன்.