உட்கார்ந்த வேலை

சுண்டுவிரலில்தான் தொடங்குவார் வீரய்யா. லொறியை நிறுத்தியதும், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இறுகிப்போன வலது கை விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பார். கட்டைவிரல் கடைசி. “எறங்குங்கடா, ஊரு வந்திருச்சு” என்று அவற்றிடம் சொல்வதும் உண்டு.

இலங்கை மலைநாட்டில், ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டம். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகளைப் பதுளை ரயில் நிலையத்தில் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. வழியில் பதினேழு முடக்குகள், ஒவ்வொன்றும் கொண்டை ஊசி வளைவு. லொறியோ யுத்தகாலத்தில் பட்டாளத்துக்கு ஓடி அலுத்தது. இறக்கத்தில் இரண்டாவது கியர் துள்ளி வெளியே வந்துவிடும். ஆகவே இடது கை கியரை அமுக்கிப் பிடிக்க, வலது கை ஒன்றே ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டும். பதினொரு வருஷமாக இப்படித்தான். பன்னிரண்டாவது முடக்குக்குக் கணக்கப்பிள்ளை முடக்கு என்று பெயர் வைத்திருக்கிறார். “முன்னுக்குப் பாத்தா சிரிக்கும். திரும்பினாத்தான் தெரியும்.”

சித்திரையில் தோட்டத்துத் துரை மலைப்பாதைக் கார்ப் பந்தயம் ஒன்றில் ஓடி மூன்றாவதாக வந்தார். நாலே நிமிஷ ஓட்டம். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் படம் வந்தது. துரைக்குத் தோள் பிடித்துக்கொண்டது. விளையாட்டில் பட்ட நோவு என்று டாக்டர் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், ஓய்வு கொடுத்தார். ஓடியது காரா, துரையா என்று லயத்து வாலிபால் பையன்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வீரய்யா அதில் கலந்துகொள்வதில்லை. “தொரை ஓட்டினா வெளையாட்டு. நா ஓட்டினா குந்தியிருக்குற வேல” என்று மட்டும் சொல்லிக் கொட்டாவி விடுவார்.

அவருக்கு வேண்டியது மூன்று நாள் ஓய்வு. இப்போதெல்லாம் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவுகிறது. நாளைக்கு ஸ்டியரிங்கும் நழுவினால்? ஓய்வுக்குத் துண்டுச் சீட்டு எழுத வேண்டியவர் தோட்டத்து மருந்தகத்து டிஸ்பென்சர் சிற்றம்பலம், யாழ்ப்பாணத்தவர்.

“சும்மா இருந்து ஓட்டுறதுக்கு என்ன ஓய்வு காணும்? நானும்தான் நாள் முழுக்கக் கதிரையில இருக்கிறன்.”

“ஒங்க கதிரைக்கு முடக்கு இல்லீங்களே, ஐயா.”

துண்டு கிடைக்கவில்லை.

போன சனிக்கிழமை சிற்றம்பலம் லீவில் ஊருக்குப் புறப்பட்டார். தோட்டத்துக் கார், துரை பந்தயம் ஓடிய களைப்பில் கராஜில் கிடந்தது. ஆகவே வீரய்யாவின் லொறியில் ஏறினார். முதல் முடக்கிலேயே கியர் துள்ளியது.

“ஐயா, சும்மாத்தானே குந்தியிருக்கீங்க? இதக் கொஞ்சம் அமுக்கிப் புடிங்க.”

ஐந்தாவது முடக்கில் ஐயாவுக்கு வேர்த்தது. ஒன்பதாவதில் இரண்டு கையாலும் பிடித்தார். கணக்கப்பிள்ளை முடக்கில் முருகனைக் கூப்பிட்டார்.

“கை நோகுது வீரய்யா, விட்டால் என்ன?”

“விட்டா பதுளைக்கு சுருக்கா போயிரலாம்ங்க.”

ரயில் நிலையத்து வாசலில் லொறி நின்றது. சிற்றம்பலம் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே, “துண்டு எழுதித் தாறன். மூண்டு நாள் காணாது, ஒரு கிழமை எடும். துண்டுப் புத்தகம் சேட்டுப் பைக்குள்ள கிடக்கு” என்றார்.

ஆனால் எடுக்கவில்லை. கை கியரைவிட்டு வரவில்லை.

வீரய்யா பார்த்தார். தன் வலது கையை ஸ்டியரிங்கில் அப்படியே விட்டுவிட்டு, இடது கையை நீட்டி, ஐயாவின் சுண்டுவிரலில் தொடங்கினார்.