பாவா நட்டுவைத்த கற்கள்

தேங்காயைவிடச் சற்றுப் பெரிய கல். நட்டபோது ஒரு பக்கம் சிவப்புச் சாயம், மறுபக்கம் வெள்ளைச் சாயம். அப்படி ஏழு கற்கள் எங்கள் கிணற்றடியில் இருக்கின்றன. நாற்று நட வரும் பெண்கள் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகிவிட்டுத்தான் வயலில் இறங்குவார்கள். கன்னிமார் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, எத்தனை தலைமுறைச் சாமி என்று என்னைக் கேட்பார்கள். நான் மறைக்கிறதில்லை. இந்தச் சாமி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, கொண்டுவந்தவர் என் அக்காள் புருஷன் என்பேன். கிழவனுக்குக் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

ஆந்திரா எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பாவை நைனா என்றும் அக்காள் புருஷனைப் பாவா என்றும்தான் கூப்பிட்டு வளர்ந்தோம். பாவா பட்டாளத்துக்காரர். பாலம் போடுவது, புதைத்துவைத்த வெடியைத் தோண்டி எடுப்பது அவர் பிரிவின் வேலை. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆடிக் கிருத்திகைக்கு வருகிற ஜனங்களின் மூட்டையைத் திருத்தணி மலைப்படியில் சுமந்து ஆரம்பித்தேன். பிறகு மாட்டுவண்டி, அதன்பிறகு டிராக்டர். திருவாலங்காடு போகிற வழியில் நைனா விட்டுப்போன நிலத்தை ஒட்டி இன்னொரு மடங்கு நிலத்தை என் கையால் வாங்கிச் சேர்த்தேன். இந்தச் சுற்றுவட்டத்தில் அப்படிச் செய்தவன் வேறு எவனாவது இருந்தால் காட்டுங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டீவியில் படித்தவர்கள் நான்கு பேர் உட்கார்ந்துகொண்டு, ஒரு தேசத்துக்காரர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டால் வெளியிலிருந்து படை அனுப்பி அதை நிறுத்த முடியுமா என்று பேசுகிறார்கள். முடியாது என்று முடிக்கிறார்கள். முடியும் என்கிறேன் நான். அவர்கள் அதைப் புத்தகத்தில் படித்தவர்கள். நான் அந்தச் சண்டையில் ஒரு தேசமாகவே இருந்தவன். எதிரி தேசம் என் தம்பி.

நைனா போனபிறகு நிலம் இரண்டாகப் பிரிந்தது. கிணற்றைப் பிரிக்க முடியுமா? நடுவிலே நின்றது. மேற்கே என் கரும்பு, கிழக்கே தம்பியின் கரும்பு. இன்று நீ, நாளை நான் என்று முறை வைத்துக்கொண்டோம். முறை எங்களுடையது, ஆனால் கரண்ட் எங்கள் பேச்சைக் கேட்குமா? தொண்ணூறுகளில் மோட்டாருக்குக் கரண்ட் வருவது மாப்பிள்ளை வருகிற மாதிரி. அவன் முறையில் வராமல் என் முறையில் வந்தது. அவன் என் முறையில் தண்ணீர் பாய்ச்சினான். நான் ஃப்யூஸைப் பிடுங்கினேன். அவன் ஒயரை அறுத்தான். என் வண்டி போகிற பாதையில் பள்ளம் வெட்டினான், அவன் களத்தில் குவித்திருந்த கரும்புச் சோகை தானாகவே பற்றிக்கொண்டது. ஊர்ப் பெரியவர்கள் வந்து நியாயம் சொல்லிவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் தெருமுனை தாண்டுமுன் மறுபடி ஆரம்பித்தோம். போலீஸ் ஜீப் வந்தபோது அண்ணன் தம்பியைப்போலக் கைகட்டி நின்றோம். ஜீப் போனதும் பழைய கதை.

அந்தக் கோடையில் ஒரு காட்சி பார்த்தேன். கிணறு நிறைய, கை எட்டும் அளவுக்குத் தண்ணீர். இரண்டு பக்கமும் கரும்பு காய்ந்து, ஓலையாகச் சலசலக்கிறது. நடுவே என் மகனும் தம்பி மகனும் ஆளுக்கொரு கடப்பாரையோடு, ஒருவன் கையை ஒருவன் பார்த்தபடி நிற்கிறார்கள். ஒரே இலையில் பங்குபோட்டுத் தின்று வளர்ந்த பிள்ளைகள். கரும்பு போனால் மறுவருஷம் நட்டுக்கொள்ளலாம். அன்று அவர்களை அதட்டி வீட்டுக்கு ஓட்டிவிட்டேன். ஆனால் அடுத்தமுறை நான் அங்கே இருப்பேனா? நேராகப் பள்ளிப்பட்டு பஸ் ஏறினேன். பாவா பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று அங்கே வீடு கட்டியிருந்தார்.

அக்காள் அதற்கு முன்பே எத்தனையோ தடவை அழுது கேட்டும் அவர் வந்ததில்லை. எனக்குச் சோறு போட்டார். முழுவதும் கேட்டார். பிறகு, "உன் தம்பியும் வந்து கூப்புடட்டும் மச்சான், வரேன்" என்றார்.

"நான் வந்து கூப்புட்றது போதாதா பாவா?"

"ஒருத்தன் மட்டும் கூப்ட்டுப் போனா நான் உன் கட்சி. கடலுக்கு அந்தாண்ட தீவுக்குப் போனோமே, நடுவுல நிக்கத்தான் போனோம். மூணாவது கட்சி ஆயிட்டோம்." என் தட்டில் குழம்பு ஊற்றினார். அந்தத் தீவைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்டது அவ்வளவுதான். அடுத்தாற்போல அவர் போனது ஆப்பிரிக்காவில் மொசாம்பிக். பல தேசத்துப் படைகள் சேர்ந்து, தலையில் நீலத்தொப்பி. "அங்க ரெண்டு கட்சிக்காரனும், போதும்டா சாமின்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் எங்கள உள்ள வுட்டான். அதான் வித்தியாசம்" என்றார்.

நான் பள்ளிப்பட்டு போய்வந்த சேதி தெரிந்ததும் தம்பி அடுத்த பஸ்ஸில் ஓடினான், எங்கே பாவா என் பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்று. எப்படியோ, முதலில் கூப்பிட்டவன் நான். அந்தப் பெருமையை எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு தண்ணீர்க் குடம், அந்த நீலத்தொப்பி. இவ்வளவோடு சித்திரை வெயிலில் கிணற்றடிக்கு வந்து இறங்கினார். யார்மேல் தப்பு என்று நான் சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தினார். "அத்தக் கேக்க நான் வர்ல. மொதல்ல ஆயுதத்தக் குடு." இரண்டு வீட்டுக் கடப்பாரையும் அரிவாளும் பம்பு ரூமுக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும், சாவி அவரிடம். நான் பரணிலிருந்து நைனா காலத்து அரிவாள் ஒன்றைக் கொடுத்தேன். வாழைத்தண்டைக்கூட வெட்டாது. தம்பி கொடுத்த கடப்பாரை வளைந்து கிடந்தது. பாவா இரண்டையும் மரியாதையாக வாங்கிக்கொண்டு சிரித்தார். "அங்கயும் இப்டித்தான். மொதல்ல துருப்புடிச்ச துப்பாக்கியாத்தான் வரும். வாங்கி வச்சிக்கினு சும்மா இருக்கணும். நல்லது தானா வரும்." வந்தது. எங்கள் வீட்டு நல்ல அரிவாள் போன மறுநாளே அவர்கள் வீட்டு நல்ல அரிவாளும் வந்துசேர்ந்தது.

பிறகுதான் கற்கள். வெடி புதைந்த பூமியில் எல்லா நிலத்தையும் ஒரேயடியாகச் சுத்தம் செய்ய முடியாதாம். தண்ணீருக்குப் போகிற வழியை முதலில் சுத்தம் செய்து, இரண்டு ஓரமும் பாதி சிவப்பு, பாதி வெள்ளை பூசிய கற்களை வைப்பார்களாம். வெள்ளை தெரிகிற பக்கம் நடக்கலாம். சிவப்புக்கு அந்தாண்ட கால் வைக்கக்கூடாது. அதையே இங்கே செய்தார். தம்பி வெட்டிய பள்ளத்தைத் தூர்த்து, பாதையில் இரண்டு வரிசை கற்கள். வெள்ளை பாதையைப் பார்க்க, சிவப்பு எங்கள் இரண்டு பேர் வயலையும் பார்க்க. நடுவழி யாருக்கும் சொந்தமில்லை, எல்லாரும் நடக்கலாம். சிவப்பைத் தாண்டி அடுத்தவன் வயலில் கால் வைக்கக்கூடாது. கரண்ட் வரும்போது மோட்டாரை அவரே போட்டார். வந்த நேரத்தில் பாதி மேற்கே, பாதி கிழக்கே. நாள் முறையைத் தூக்கி எறிந்தார்.

ஊர் சிரித்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவன், "இன்னாபா, ஒலகப் படையே உன் வூட்டுக் கெணத்துல எறங்கிட்சாமே" என்றான். "ஆங், எறங்கிட்சி. உனக்கு ரெண்டு பொண்டாட்டியாச்சே, அடுத்து உன் வூட்டுக்கு அனுப்பட்டா?" என்றேன். கடையே அவனைப் பார்த்துச் சிரித்தது.

ஆடி முதல் வெள்ளி காலையில் போய்ப் பார்த்தால் கிணற்றைச் சுற்றி ஒரே கற்பூர வாசனை. பாதைக் கற்கள் கிணற்றடியில் வந்து முடிகிற இடத்தில் வளைவாக ஏழு கற்கள் அமைந்துவிட்டிருந்தன. தண்ணீர் ஓரம், ஏழு கல், சிவப்பும் வெள்ளையும். களையெடுக்க வந்த பெண்களுக்கு வேறென்ன தோன்றும்? கன்னிமார் எழுந்தருளிவிட்டார்கள் என்று பொங்கலே வைத்துவிட்டார்கள். பாவா கட்டிலில் உட்கார்ந்து திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். "ஐயோ, இது சாமி இல்லம்மா, அடையாளக் கல்லு" என்றார். ஒரு கிழவி, "நீ சும்மா இரு பட்டாளத்தாரே. ஆத்தா உன் கையால ஒக்காந்துகினா, அது உன் புண்ணியம்" என்று அவர் நெற்றியிலும் குங்குமம் இட்டாள். நீலத்தொப்பியும் குங்குமமுமாக அவர் உட்கார்ந்திருந்த கோலம் என் கண்ணைவிட்டுப் போகாது.

கன்னிமார்தான் சண்டையை நிறுத்தினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கல்லுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் ஊர்ப் பெரியவர்களே ஒன்றை நட்டிருக்கலாமே. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தான், அதுதான் விஷயம். நியாயம் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறவில்லை. அந்தக் கரும்பு வெட்டி, அதன் அடிக்கட்டையில் மறுதாம்பு வளர்ந்து, அடுத்த வருஷம் ஐப்பசி வரைக்கும் இருந்தார்.

அந்த ஐப்பசியில் பாவாவுக்குக் காய்ச்சல். அக்காள் வந்து திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பம்பு ரூம் சாவி கட்டில் காலில் தொங்கியது. முற்பகலில் கரண்ட் வந்துவிட்டது. நான் மேற்கிலிருந்து ஓடினேன், தம்பி கிழக்கிலிருந்து ஓடிவந்தான். கற்களுக்கு அந்தப்பக்கம் அவன், இந்தப்பக்கம் நான். நடுவில் சாவி. காலையில் வைத்த குங்குமம் கல்லில் ஈரமாக இருந்தது. அவன் கை சாவிக்குப் போகவில்லை. என் கையும் போகவில்லை. பூட்டிய அறைக்குள் இரண்டு வீட்டு ஆயுதமும் கிடப்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வாயைத் திறந்தவன் நான்தான். "உன் பக்கம் மொதல்ல வுடுடா. என்து அப்பறம் குடிக்கும்" என்றேன். வருஷக்கணக்கில் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அவன் சாவியை எடுத்து, மோட்டாரைப் போட்டு, தன் பக்கம் மடையைத் திறந்தான். நான் வரப்பில் உட்கார்ந்தேன். பாதி நேரம்கூட ஆகியிருக்காது, மண்வெட்டியால் மடையை மாற்றி என் பக்கம் வெட்டிவிட்டு, "ண்ணா, தண்ணி வருது பாரு" என்றான். எத்தனையோ ஏலத்தில் ஜெயித்திருக்கிறேன், எத்தனையோ பேரை மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறேன். அந்த 'ண்ணா'வுக்கு எதுவும் ஈடாகாது.

சாயங்காலம் பாவா திரும்பி வந்து பார்த்தார். இரண்டு வாய்க்காலும் ஈரம், அறைக்குள் ஆயுதம் போட்டது போட்டபடி, காவலுக்கு ஆள் இல்லை. கட்டிலை மடக்க ஆரம்பித்துவிட்டார். காய்ச்சல் நிஜமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். "ஒரு விருந்து வச்சி அனுப்புறோம் பாவா" என்றேன். "அங்கயும் நாங்க கௌம்பறப்போ வழியனுப்ப ஒருத்தனும் வர்ல மச்சான். எல்லாம் ஓட்டுப் போட வரிசையில நின்னுகினு இருந்தான். அதவிட இன்னா மரியாத வேணும்?" என்றார்.

மற்ற முருகன் கோயில்களில் கந்தசஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும். எங்கள் மலையில் மட்டும் கிடையாது. சண்டை முடிந்து கோபம் தணிந்து வந்து நின்ற இடம் இது, இங்கே பூக்கொட்டுவார்கள். அந்த வருஷம் நானும் தம்பியும் ஒரே கூடையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு படியேறினோம். வழியெல்லாம் அவன்தான் பாரத்தை என் பக்கம் சாய்த்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போதும் வாய்ச்சண்டை உண்டு. அது இல்லாமல் அண்ணன் தம்பி ஏது? கடப்பாரையோடு நின்ற இரண்டு பிள்ளைகளும் இன்று கூட்டாக டிராக்டர் ஓட்டுகிறார்கள். போன ஆடியில் பாவா வந்திருந்தார். வயதாகிவிட்டது, தடி ஊன்றித்தான் நடக்கிறார். கற்களின் அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். இத்தனை வருஷ மஞ்சள் ஏறி, சிவப்பும் தெரியவில்லை, வெள்ளையும் தெரியவில்லை.

"எந்தப் பக்கம் மச்சான் செவப்பு?"

"தெரியல பாவா."

தம்பியைப் பார்த்தார். அவனும் தெரியாது என்று தலையை ஆட்டினான். பாவா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லைத் தாண்டி, ஒருகாலத்தில் யாரையும் கால்வைக்க விடாத பக்கமாகவே நடந்துபோய், தம்பியின் வாய்க்காலில் கால் கழுவினார்.