கருடனைப் பார்க்கப் போன லென்ஸ்

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் திருச்சியில் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். முதுகுப் பையில் இருந்தவை: கேமரா, அதில் மாட்டிய நீள லென்ஸ், பேட்டரி இரண்டு, தூசி ஊதும் ரப்பர் பந்து, பழைய பருத்தித் துண்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள். மாற்றுத் துணி தனியாக ஒரு மஞ்சள் பையில்.

தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அதே பிரிவில் வேலை செய்யும் தேன்மொழியின் ஊரில் ஞாயிறு காலை அம்மன் கோயில் கும்பாபிஷேகம். கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்தில் கருடன் வந்து வட்டமிடும் என்று ஊரே அண்ணாந்து பார்த்து நிற்கும். போன முறையும் வந்ததாம். கைப்பேசியில் எடுத்த படத்தைத் தேன்மொழியின் அண்ணன் முருகேசன் கத்தாருக்குப் போன பிறகு அறைத் தோழர்களிடம் காட்டியிருக்கிறார். "இது ஈ" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். இந்த முறை அவருக்கு விடுப்பே கிடைக்கவில்லை. "ஒன் கூட வேலை பாக்குற புள்ள பறவை படமெல்லாம் எடுக்குமே, அதக் கூட்டிட்டு வா. கருடன் கருடனாத் தெரியணும்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் போனேன். தேன்மொழி இரண்டு நாள் முன்பே ஊருக்குப் போய்விட்டாள்.

புதுக்கோட்டையில் டவுன் பஸ் மாறினேன். கண்டக்டர் பையைப் பார்த்தார். "ஒங்களுக்கு ஓசி. இதுக்கு லக்கேஜ் போடவா?"

"இது என் மடியிலேயே இருக்கும்ங்க."

"மொதல்ல ஒங்களுக்கு எடம் கெடைக்கட்டும்."

கிடைக்கவில்லை. நின்றுகொண்டிருந்த என்னிடம், உட்கார்ந்திருந்த ஒரு பூக்காரம்மா கையை நீட்டினார். "குடுத்தா, வச்சுக்கிறேன். கூனிப் போயி நிக்கிறியே." கொடுத்தேன். அவர் இறங்கும்போது பை பக்கத்து மடிக்குப் போனது. அங்கிருந்து முன் சீட்டுக்கு. கூட்டத்தில் கொஞ்ச நேரம் அது என் கண்ணில் படவே இல்லை. வல்லத்திராக்கோட்டை வந்ததும் "இந்தப் பை யாருது?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. தலைகளுக்கு மேலாக என் கைக்கு வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தன. பூக்காரம்மா வைத்த ஒரு முழம் கதம்பம் கூடுதலாக இருந்தது.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தேன்மொழியின் ஊர். ஆட்டோ எண்பது ரூபாய். வழியெல்லாம் சீரியல் பல்பு. வீட்டு வாசலில் முருகேசனின் மனைவி, தேன்மொழியின் அண்ணி, பாண்டிச்செல்வி நின்றிருந்தார். "வா வித்யா, வா. எங்க அந்தத் துப்பாக்கி? காட்டு" என்று பையைத்தான் முதலில் வாங்கினார்.

வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். ஒரே ஒரு ஏசி அறை, அதில் குழந்தைகள். நானும் தேன்மொழியும் மொட்டை மாடியில் படுத்தோம். பையை ஹாலில் பீரோ மேல் வைத்தேன். ஏசி அறையில் வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதை அண்ணியிடம் சொல்லத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் முகூர்த்தம். எட்டரைக்குக் கோயில் திடலுக்குப் போய், கலசமும் வானமும் சேர்ந்து தெரியும் இடமாகப் பார்த்து வைத்தேன். பையை எடுக்க வீட்டுக்குக் கிளம்பினால், அண்ணியே எதிரே வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் கைப்பேசி. அதில் கத்தாரிலிருந்து முருகேசன். இன்னொரு கையில், இடுப்பில் குழந்தையைப் போல, பையும் உறையும் இல்லாமல் என் கேமரா.

"ஹால்ல ஒரே கூட்டம், எவனாச்சும் தட்டிவிட்டா என்ன செய்யிறது? அதான் ராத்திரியே ஏசி ரூம்புல வச்சுட்டேன். மூச்சு முட்டுமேன்னு ஜிப்பையும் தொறந்து விட்டேன்" என்றார் பெருமையாக.

வாங்கினேன். ஐஸ் கட்டி போல இருந்தது. லென்ஸ் முகம் முழுக்க வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தேன். கோபுரம் இல்லை, வானம் இல்லை, வெறும் பால்.

"என்னாச்சு?"

"குளிர்ந்த சொம்புல வேர்க்கும்ல அண்ணி, அது மாதிரி. துடைச்சா மறுபடி வேர்க்கும். சூடு ஏறணும்."

அண்ணியின் முகம் வாடியது. கைப்பேசிக்குள்ளிருந்து முருகேசன், "நான்தான் ஒன்னைய பத்திரமா வையின்னு சொன்னேன். தப்பு எம்மேல" என்றார். "நீங்க சும்மா இருங்க, பேசாம" என்று அண்ணி அவரை அடக்கினார்.

சுற்றிப் பார்த்தேன். வெயில் இருந்தது, ஆனால் போதாது. காய்ந்த சூடான காற்று வேண்டும். பந்தலோரம் மைக்செட்காரர் செல்வராசு; அவர் பக்கத்தில் விடிகாலையிலிருந்து பாடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர். அதன் பின்புற விசிறியில் கை வைத்தேன். நல்ல சூடு. "அண்ணே, இதக் கொஞ்ச நேரம் இங்க வச்சுக்கலாமா?"

"வைங்க தங்கச்சி. எவ்வளவு சவுண்டு வேணும்?" என்றவர் உடனே மைக்கை எடுத்தார். "திருச்சியிலிருந்து வந்திருக்கும் லென்ஸ் குளிர் காய்ந்துகொண்டிருக்கிறது. பொதுமக்கள் யாரும் அங்கிட்டு வந்து மறைக்க வேண்டாம்."

திடலே திரும்பிப் பார்த்தது. அண்ணி முந்தானையை விரித்துக் காவலுக்கு நின்றார்.

ஒன்பதே காலுக்குக் கடங்கள் சாரத்தின் மேல் ஏறின. லென்ஸின் ஓரங்கள் தெளிந்து, நடுவில் மட்டும் ஒரு வெண்திட்டு மிச்சம் இருந்தது. அப்போது கிழக்கே ஒரு பறவை. "கருடன்! கருடன் வந்துருச்சு!" என்று செல்வராசு மைக்கிலேயே கத்த, குலவை கிளம்பியது. நான் கேமராவைத் தூக்கி ஒரு படம் எடுத்தேன். மூட்டத்துக்கு நடுவிலும் வால் தெரிந்தது. நடுவில் பிளந்த வால்.

"கருடன்தானே, ஆத்தா?" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். திடலில் பாதிப் பேர் என் வாயைப் பார்த்தார்கள். தலையாட்டிவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் கத்தார் அறையில் யாராவது வால் பார்க்கத் தெரிந்தவன் இருந்தால்?

"இல்லைங்க, இது கரும்பருந்து. கருடனுக்குத் தலை வெள்ளையா, ஒடம்பு செம்மண்ணு நெறத்துல இருக்கும்."

குலவை நின்றது. செல்வராசு மட்டும் அசரவில்லை. "அன்பான அறிவிப்பு. இப்போது வந்திருப்பது கருடனின் பங்காளி. முறைப்படி பங்காளி முதலில் வந்திருக்கிறார். கருடன் பின்னால் வருகிறார்."

திடல் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே வெண்திட்டு முழுதாகக் கரைந்தது. கலசத்தின் செம்பில் ஒட்டியிருந்த பூவிதழ்கூடக் கண்ணாடிக்குள் தெரிந்தது.

ஒன்பதரை. மேளம் உச்சத்துக்குப் போனது. குருக்கள் கடத்தைச் சாய்த்தார். "அங்கிட்டு பாரு, புளியமரத்துக்கு மேல!" என்று அண்ணி என் தோளைப் பிடித்துத் திருப்பினார். வெள்ளைத் தலை. செம்மண் இறக்கை. வட்டமான வால். அது ஒரு சுற்றுச் சுற்றி, கலசத்துக்கு நேர் மேலே சாய்ந்து திரும்பியது. கீழே நீர் தெறித்துக்கொண்டிருந்தது. விரலை எடுக்காமல் அழுத்தினேன்.

"கருடன்!" என்று நான்தான் கத்தினேன். மைக்கே தேவைப்படவில்லை.

பிறகு அரைமணி நேரம் கேமராவின் சின்னத் திரை முன்னால் வரிசை நின்றது. "அலகு தெரியுதுடி", "நம்மளத்தான் பாக்குது", "தள்ளு, நீ ரெண்டு தடவ பாத்துட்ட". படங்களையெல்லாம் என் கைப்பேசிக்கு மாற்றி, கருடனை அண்ணிக்கு அனுப்பினேன். அவர் அதை முருகேசனுக்கு அனுப்பினார்; லென்ஸ் மூடிக்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். நான் தடுக்கவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது சர்க்கரைப் பொங்கலை வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்த அண்ணி, கேமராப் பையருகே வந்து நின்றார். "இது சூடு. இது உள்ள வந்தா அதுக்கு வேர்க்குமா?"

"வேர்க்கும் அண்ணி."

"அப்ப மஞ்சப் பையில போடு" என்று தானே போட்டார்.

திரும்பும் டவுன் பஸ்ஸிலும் இடமில்லை. யாரும் கேட்பதற்கு முன்பே, ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்ணிடம் பையை நீட்டினேன். வீட்டில் லென்ஸை நான் பூட்டி வைக்கும் டப்பாவுக்குள் காற்றுப் புகாது, ஈரம் புகாது, பூவும் புகாது. இந்த ஒரே நாளில் பைக்குள் எல்லாம் புகுந்துவிட்டன. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கைப்பேசியில் முருகேசனின் குரல் செய்தி வந்திருந்தது. ஒலியைக் கூட்டிக் காதில் வைத்தேன். "ரூம்புல எல்லாப் பயலும் பாத்துட்டான்ம்மா. ஒருத்தனும் வாய தொறக்கல. இன்னொண்ணு கேக்கணும். அந்த மொதப் பருந்து படம் இருந்தா அதையும் அனுப்பு. வீட்டு விசேஷத்துல பங்காளிய விட்டா நாளைக்கிப் பேச்சு வரும்."

வழக்கமாக அப்படிப்பட்ட படத்தை அன்றே அழித்துவிடுவேன். மூட்டத்துக்குள் ஒரு கரிய நிழல், பிளந்த வால், அவ்வளவுதான். கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் கையால் அனுப்பினேன்.

என் பையை மடியில் அணைத்திருந்த பெண் நிமிர்ந்து கேட்டார்: "பங்காளி போயிட்டாரா?"