அப்பா மறைத்த சூரியன்

எங்கள் பந்தலில் திராட்சை நிறம் ஏறுகிற நேரத்தில் சூரியனை மறைத்தது என் அப்பாதான் என்று, நாலாம் வகுப்புப் படிக்கும்போது கண்டுபிடித்தேன். போலீசிடம் சொல்வதா, சர்ச்சில் பங்குச் சாமியாரிடம் சொல்வதா என்பதுதான் குழப்பம்.

ராயப்பன்பட்டியில் அப்போது ஒரு வாரமாக வெயிலே இல்லை. மேகம் ஊருக்கு மேல் பாய் விரித்துப் படுத்துவிட்டது. வெயில் இல்லாவிட்டால் காய் கறுக்காது, இனிக்காது. கறுக்காத பழத்தை வெட்ட மாட்டேன் என்று வியாபாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா மட்டும் விடிந்ததும் கந்தகப் பொடியைத் துணியில் மூட்டை கட்டி, கொடிகள் மேல் தட்டிக்கொண்டே போவார். மஞ்சள் புகை எழும்பும்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அறிவியல் நடத்தியது அப்பாவின் அக்கா, என் அத்தை. தூரத்துத் தீவு ஒன்றில் எரிமலை வெடித்தது அந்த வாரம் எல்லார் செல்போனிலும் ஓடியது. பெரிய எரிமலை வெடித்தால் அதன் கந்தகப் புகை வானத்தில் வெகு உயரம் போய்த் திரை கட்டிவிடும், உலகத்துக்கே வெயில் குறையும், எங்கோ இருக்கிற ஊரில்கூடப் பயிர் விளையாமல் போகும் என்றார் அத்தை. மலையைச் சுற்றிக் காடு கருகிப் பறவைகள் போய்விடும், வருஷங்கள் கழித்து அதே சாம்பல் மண்ணில் பச்சை செழிக்கும் என்றும் சொன்னார். அதையெல்லாம் யார் கேட்டது? கந்தகம் என்றதுமே எனக்கு அப்பாவின் மஞ்சள் மூட்டைதான் கண்ணில் நின்றது.

மறுநாள் விடிந்ததும் பந்தலுக்குள் ஓடி மூட்டையைப் பிடித்துத் தொங்கினேன். "தட்டாதப்பா! நீ தட்டித் தட்டித்தான் சூரியன் போயிருச்சு!"

அழுதுகொண்டே எரிமலைக் கதையை நான் சொல்லி முடித்ததும், அப்பா மஞ்சள் கையோடு என்னைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்கு நடந்தார்.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த அத்தை விஷயத்தைக் கேட்டதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தார். "அடி கூறுகெட்டவளே! மேகம் போட்டாக் கொடியில நோய் விழும்னுதான் ஒங்கப்பன் கந்தகம் தட்டுறான். நீ தலகீழாப் பிடிச்சுக்கிட்டியா? அவன் தட்டுறது தென்ன மரத்தக்கூடத் தாண்டாது. எரிமலப் பொக ஏரோப்ளேனுக்கும் மேல போகும்டி."

அப்பாடா! என் அப்பா குற்றவாளி இல்லை. அந்த நிமிஷமே எனக்குப் பசித்தது.

அப்பா கிளம்பவில்லை. என்னை இடுப்பில் வைத்தபடியே கேட்டார்: "செல்லுல என்னென்னமோ காட்டுறாகளே யக்கா. அந்தப் பொக இங்கன வந்துருக்குமோ?"

"அந்த வெடிப்பு அம்புட்டுப் பெருசில்லடா. இது வருஷா வருஷம் வர்ற மேகந்தான். கலஞ்சிரும்."

"நெசமாத்தானே?"

"நெசமாத்தான்டா."

இரண்டு நாளில் சுள்ளென்று வெயில் அடித்தது. பழம் கறுத்தது. வியாபாரி ஒன்றைப் பறித்து வாயில் போட்டுவிட்டுத் தலையாட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அம்மா கறிக்குழம்பு வைத்தார். வீட்டில் எல்லாருக்கும் பேச்சு திரும்ப வந்துவிட்டது.

என் பயம் போகவேண்டும் என்று எனக்காக அப்பா இரண்டு தரம் கேட்டார் என்று கூட்டாளிகளிடம் பெருமையடித்துத் திரிந்தேன். அத்தையிடம் கேட்டபோது அவர் நெஞ்சு என் விலாவில் திடுதிடுவென்று இடித்தது. என்னைத் தூக்கி நடந்த களைப்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.