குண்டானுக்குள் வைத்த பாட்டு

எவர்சில்வர் குண்டானுக்குள் செல்போனை இறக்கி வைத்தால் பாட்டு இரண்டு மடங்காகும். பாயில் உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கால் வரைக்கும் அந்த அதிர்வு வந்து சேரும். திருமுல்லைவாயிலில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குப் போய்வந்து சாப்பாடும் முடிந்தபின், அந்த வாரம் புதிதாகக் கண்டுபிடித்த பாட்டை ஆளுக்கொன்றாகப் போட்டுக் காட்டவேண்டும் என்பது அப்பா ஏற்படுத்திய வழக்கம்.

அண்ணன் சேவியர் செல்போன் கடையில் "மெமரி கார்டில்" ஏற்றிக்கொண்டு வருவான். நான் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து "புளூடூத்தில்" வாங்குவேன். அம்மாவோ கோவில் பாடகர் குழுவில் கற்றுக்கொண்டதைத் தானே பாடிவிடுவாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டிய அப்பா மட்டும் எப்போதும் மேளம் அதிரும் "குத்துப் பாட்டாகவே" கொண்டுவருவார். குண்டானின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தலையாட்டுவார். "சாவு ஊட்டு பாட்ட உட்டா உனுக்கு வேற கெடைக்காதா?" என்று அம்மா திட்ட, நாங்கள் சிரிப்போம்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, ஒரு மழைக்காலத்தில், ஒரு பெண் குரலும் புல்லாங்குழலும் மட்டுமே உள்ள மெதுவான பாட்டொன்று எனக்குக் கிடைத்தது. வாரம் முழுவதும் யாருக்கும் சொல்லாமல் பொத்திவைத்திருந்து, ஞாயிறன்று குண்டானுக்குள் ஓடவிட்டேன். பாதிப் பாட்டு போயிருக்கும். அப்பா கையை எடுக்காமல் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, இன்னும் போடலியா?" என்றார்.

அம்மா எழுந்துபோய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "இன்னாங்க" என்று கூப்பிட்டாள். இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்டபிறகுதான் திரும்பி, எங்கள் முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க. தெரிஞ்சா மெஷின்ல நிக்க உட மாட்டாங்க" என்றார். நாங்கள் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் அது நடந்தது. அதே மெஷினில் தகடு வைத்துக் கொடுக்கும் ஏழுமலை மாமா, தகடு சிக்கிக்கொண்டதால் கையை உள்ளே விட்டு எடுத்துக்கொண்டே, "இரு, இரு" என்று கத்தியிருக்கிறார். அப்பா பெடலை மிதித்துவிட்டார். மாமாவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. தனக்குக் காது கேட்காது என்பதைக் கம்பெனியில் அப்பாவே சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார்.

கட்டு பிரிக்காத கையோடு ஒரு நாள் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா வைத்த டீயைத் தொடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தவர், "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணாத்தே. நான் உசாரா இருந்திருப்பேனே" என்றார். தலைகுனிந்திருந்த அப்பா, ஏதோ பேச்சு நடந்ததை உணர்ந்து நிமிர்ந்து, "இன்னா சொல்றான்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அவருக்குப் புரியும்படி உதடுகளை மெதுவாக அசைத்து, "நல்லா கீறியான்னு கேக்குறாரு" என்றாள்.

"கீறேன்ப்பா" என்றார் அப்பா.

மாமா அம்மாவையே சற்று நேரம் பார்த்தார். மறுத்து எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

அப்பா பூந்தமல்லியில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கப் போனார். நிறுத்துவோம் என்று யாரும் சொல்லாமலே ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு நின்றுபோனது. அப்பா இறந்தபோது ஏழுமலை மாமா கல்லறைக்கு வந்து, இடது கையால் மண் அள்ளிப் போட்டார். கையில் கட்டோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கு மாமா உண்மையில் சொன்னது என்னவென்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

இப்போது எனக்குப் பிடிக்கக்கூடிய புதுப் பாட்டுகளை வாராவாரம் போனே தேடித் தந்துவிடுகிறது. வேலைக்குப் போகும் ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். சில நன்றாகவே இருக்கின்றன. ஓசூரில் இருக்கும் சேவியருக்கு அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். கேட்டானா என்று தெரியாது. அம்மா பாடகர் குழுவுக்குப் போவதை விட்டு வெகுகாலமாகிறது. போன ஞாயிறு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "போதும்மா, நிறுத்திடு" என்றாள்.