ஏழு கிணற்றுத் தண்ணீர்

1981, மாசி மாதம். மதுரையில் ஹாஸ்டலில் தங்கி எலெக்ட்ரிகல் டிப்ளமோ கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை, எழுமலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய் இறங்கினேன். அம்மா என் பையைக்கூட வாங்கவில்லை. "மோட்டார் ஓடுது, தண்ணி வரலத்தா. நேத்துலருந்து அப்பா கெணத்துலயே கெடக்காக" என்றார்.

நெல் பால் பிடிக்கும் நேரம். அப்போது வயல் காய்ந்தால் அத்தனையும் பதர். பன்னிரண்டு வயதில் ஏர் பிடித்தவர் அப்பா. மழை பொய்த்ததையும் பூச்சி விழுந்ததையும் எத்தனையோ முறை தாங்கியவர். ஆனால் கிணற்றில் தண்ணீர் கிடக்க, பயிர் வாடுவதை அவரால் பார்க்க முடியவில்லை. பம்பைக் கழற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் நான்கு நாள் கேட்பார். வயல் இரண்டு நாள்தான் தாங்கும்.

"நான் பாக்குறேன்ப்பா" என்றேன்.

எதையும் வரிசை போட்டு எழுதிக்கொண்டு செய்வது என் பழக்கம். நோட்டை எடுத்தேன். ஒன்று, கிணற்றுக்குள் பைப்பின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வு: அப்பா முங்கித் தடவிப் பார்த்தார், சரியாக இருந்தது. இரண்டு, பைப் ஜாயின்ட்: சணல் சுற்றி இறுக்கினோம். மூன்று, பம்புக்குள் காற்று: சாணிக் கரைசல் ஊற்றி நிரப்பினோம். நான்கு, மோட்டார்: சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. நான்கையும் அடித்தாயிற்று, பைப்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

பக்கத்து வயல் சித்தப்பா மாட்டு வண்டியோடு வந்து நின்றார். அவருடையது டீசல் எஞ்சின். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கிணற்றில் ஊறுவது அவருக்கே பத்தாது என்பதால் நாங்கள் கேட்கவில்லை.

"அண்ணே, ஒம் மக பம்புக்கு நாடி பாத்து முடிச்சிருச்சா? முடிச்சா வண்டில ஏத்திருவோம்."

அப்பா பம்பைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தார்.

அப்போது வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஓர் அக்கா மண்வெட்டியும் கையுமாகச் சும்மா நின்றிருந்தார். "இங்கயும் அதே கூத்துத்தான் தாயி. நேத்துலருந்து வெட்டியா நிக்கிறேன். ஏன் தாயி, ரெண்டு கெணத்துப் பம்புக்கும் ஒரே நாள்லயா வயித்தால போகும்?"

நான் நோட்டை மூடினேன். இரண்டு பம்பும் ஒரே நாளில் கெட்டுப்போகாது. அப்படியென்றால் கோளாறு பம்பில் இல்லை.

"முந்தாநாள் இங்க என்னப்பா நடந்துச்சு?"

"டிரான்ஸ்பார்மர் பொகைஞ்சு போச்சு. வேற மாட்டிட்டுப் போனாக."

கிணற்றுப் படிகளில் இறங்கி பம்பிடம் ஓடினேன். அப்பாவை ஸ்விட்சைப் போட்டு உடனே நிறுத்தச் சொன்னேன். வேகம் குறைந்தபோது தெரிந்தது. பம்பின் மேல் வார்த்திருந்த அம்புக்குறி ஒரு பக்கம், மோட்டார் சுற்றுவது நேர் எதிர்ப்பக்கம். புது டிரான்ஸ்பார்மரில் ஒயர்கள் இடம் மாறியிருந்தன; மூன்று ஒயரில் இரண்டு மாறினாலே மோட்டார் தலைகீழாகச் சுற்றும்.

மேலே வந்து மெயினை அணைத்து, ஃபியூஸ்களைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டேன். ஸ்டார்ட்டரில் மூன்று ஒயரில் இரண்டை மட்டும் மாற்றி முடுக்கினேன். ஸ்விட்சைப் போட்டோம். தொட்டியருகே நின்று பைப்புக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் முகத்திலேயே முதல் தண்ணீர் அறைந்தது.

"அடியாத்தீ! நாடி கெடச்சிருச்சு அண்ணே!" என்று தலையைத் துவட்டாமலே கத்தினார்.

எங்கள் பக்கத்துக்கு மோட்டார் ஓடத் தேவையான மூன்று ஃபேஸ் கரண்ட் பகலில் நான்கு மணி நேரம்தான். அதில் ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருந்தது. அப்பா ஸ்பேனரை எறிந்துவிட்டு வரப்பில் எனக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர் கிணற்றுக்குக் கிணறு கூவிக்கொண்டே போனார்: "யாரும் பம்பக் கழட்டாதீக! எம் மக வாரா! எம் மக வாரா!"

முதலில் அந்த அக்கா நின்ற கிணறு. தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதும் அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "இம்புட்டுத்தானா!" என்று சிரித்தார். அந்த டிரான்ஸ்பார்மரில் எங்களுடையதையும் சேர்த்து ஏழு கிணறுகள். ஏழாவதில் தண்ணீர் பாய்ந்து, பாத்தி பாதி நனைந்தபோது கரண்ட் போனது. வீடு திரும்பும்போது என் தாவணி நிறையக் கத்தரிக்காய். மறுநாள் கரண்ட் வந்ததும் எல்லா வயலும் நனைந்தது. அந்த வருடம் எங்கள் வயலில் பதர் விழவில்லை.

இப்போது மதுரையில் ஒரு மில்லில் மெஷின்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். இன்றும் நோட்டில் வரிசை போடாமல் எதையும் தொடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் முதலாவதாக நான் எழுதுவது, எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்காத, மண்வெட்டியோடு நின்ற ஒரு பெண் கேட்ட கேள்வி: "இது நமக்கு மட்டும்தானா, பக்கத்திலும் உண்டா?"